மெஹராஜ் வீட்டு அடுப்பு

பகல் பதினொரு மணிக்கு சலீம் வீட்டுக்கு வந்து நின்றார். செய்தி என்று தனியாக ஒன்றை அவர் சொல்ல வேண்டியிருக்கவில்லை. திராட்சை வெட்டு நடக்கிற நாளில், அந்த நேரத்தில், அவர் காமயகவுண்டன்பட்டிப் பக்கம் ஏதாவதொரு பந்தலுக்கு அடியில் குனிந்து நின்று, பெட்டி ஏற்றும் ஆட்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்க வேண்டும். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து வெட்டு நாளில் அவர் பகலில் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றி மெஹராஜ் பார்த்ததில்லை.

அவள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள்.

"மதுரையில இருந்து போன் வந்துச்சா?"

சலீம் தண்ணீர்ச் செம்பை எடுத்தார். குடிக்காமல் திரும்ப வைத்தார்.

"கணையத்துல கட்டியாம். ஈரலுக்கும் பரவிருச்சுன்னு சொல்றாக."

"ஆப்பரேசன்?"

"அந்தக் கட்டமெல்லாம் தாண்டிருச்சாம்."

"எனக்கு எம்புட்டு நாளைக்கு?"

சலீமுக்குத் தெரிந்த நாள்காட்டி ஒன்றுதான். "இப்பக் கவாத்துப் பண்ணுன கொடி காய்க்கு வர்ற மட்டும், ஒரு நாலு மாசம்னு வச்சுக்க" என்று சொல்லிவிட்டார். சொன்னது தன் காதிலேயே விழுந்ததும் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

மெஹராஜ் கையிலிருந்த கொத்தை முழுவதும் உருவி முடித்தாள். காம்புகளைத் தனியே ஒதுக்கினாள். "பிள்ளைகளுக்குத் தெரிய வேணாம். மஞ்சக்காமாலைன்னு சொல்லிக்கிருவோம்" என்றாள். பிறகு எழுந்து போய்க் கீரையை அலசினாள். அன்றைக்கு அவள் அழுததை யாரும் பார்க்கவில்லை. அழுதாளா என்பதும் தெரியாது. கீரையில் உப்பு மட்டும் சரியாக இருந்தது.

மெஹராஜ் பிறந்தது கூடலூரில். அவளுடைய அத்தா குமுளி மலைக்கு ஜீப் ஓட்டினார். ஏலத்தோட்டத்துக்கு வேலையாட்களை ஏற்றிப்போய் இருட்டின பிறகு இறக்கிவிடுகிற ஜீப். அவள் எட்டாவது படிக்கையில் அம்மா காய்ச்சலில் போய்விட்டாள். அப்போது மெஹராஜுக்குக் கஞ்சி வைக்கக்கூடத் தெரியாது. அம்மா அவளை அடுப்படிக்குள் விட்டதில்லை, படிக்கிற பிள்ளை என்று. இரண்டு வாரம் கடைச்சோறு ஓடியது. அப்புறம் சொந்தக்காரர்கள் கூடிப் பேசினார்கள். மெஹராஜ் உத்தமபாளையத்தில் சின்னம்மா வீட்டுக்கு, தம்பி வண்டிப்பெரியாற்றில் பெரியத்தா வீட்டுக்கு. சண்டை இல்லை, சச்சரவு இல்லை. ஆக்கிப்போட ஆள் இல்லை என்பது மட்டும்தான் காரணம்.

சின்னம்மா வீட்டில் அவளை ஒருவரும் ஒரு சொல் சொன்னதில்லை. ஆனாலும் இரண்டாவது கரண்டிக்கு அவள் அந்த வீட்டில் ஒருநாளும் தட்டை நீட்டவில்லை. தம்பி மலையாளப் பள்ளிக்கூடத்தில் படித்து மலையாளியாகவே வளர்ந்தான். இப்போது கல்யாண வீடுகளில் பார்த்துக்கொண்டால் இருவரும் "சுகமா?" என்று கேட்டுக்கொள்வார்கள். அதற்கு மேல் பேச எதுவும் இருக்காது. பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பிரியாணி வரக் காத்திருப்பார்கள்.

அதனால் அவளுக்கு நடக்கப்போவது தெரியும். சலீம் விடியலில் பஜ்ரு தொழுத கையோடு தோட்டத்துக்குக் கிளம்பினால், திராட்சை லோடோடு மலையேறி இறங்கிய பிறகுதான் திரும்புவார். பெரியகுளத்தில் அவருடைய அக்கா பாஜிலா இருக்கிறார். தங்கமான மனசு. அந்த மனசுதான் மெஹராஜுக்குப் பயமாக இருந்தது. பொல்லாதவர்கள் யாருடைய பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போவதில்லை.

அடுப்பு எரிகிற வீட்டிலிருந்து பிள்ளைகளை யாரும் பிரித்துப் போக முடியாது. இது மட்டும் அவளுக்குத் தெளிவாக இருந்தது. மகள் ஷர்மின் ஒன்பதாவது, மகன் நௌஷாத் ஐந்தாவது. அந்த இரண்டு பேரையும் அடுப்படிக்குள் கொண்டுவர வேண்டும். பயமுறுத்தாமல், அவர்களாகவே வருகிற மாதிரி.

சோறு குழம்பில் ஆரம்பிக்கக் கூடாது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. சோறு வேலை, பலகாரம்தான் விளையாட்டு. ஞாயிற்றுக்கிழமை காலையில் தம்ரூட்டில் ஆரம்பித்தாள்.

"டேய் நௌஷாத், முட்டை உடைக்கத் தெரியுமா?"

"தலையில தட்டி உடைக்கவா?"

"யாரு தலையில?"

"அக்கா தலையில."

முதல் முட்டையில் பாதி ஓடு உள்ளே போனது. மூன்றாவது முட்டையில் கை பழகிவிட்டது. சர்க்கரையைக் கொட்டி, நுரை பொங்கும்வரை அடித்தான். பாலில் ஊறிய ரவையையும் நெய்யையும் அவள் சேர்க்க, அவன் கிண்டினான். அடிகனமான பாத்திரத்தில் ஊற்றிச் சிறுதீயில் ஏற்றிய பிறகுதான் அவனுக்குப் பிடித்த கட்டம் வந்தது. முற்றத்தில் சிரட்டையை எரித்துத் தணலாக்கி, அதை இடுக்கியால் எடுத்துப் பாத்திரத்தின் மூடிமேல் பரப்ப வேண்டும். கீழேயும் தீ, மேலேயும் தீ. நடுவில் மாவு எந்தப் பக்கமும் ஓட முடியாமல் வெந்து, மேலே பொன்னிறமாகச் சிவக்கும்.

"அம்மா, இது குண்டு வைக்கிற மாதிரி இருக்கு."

"ஏலே, கொஞ்சமாப் போடு. போதும்டா, போதும்."

அவன் அள்ளிப் போட்டுவிட்டான். திறந்தபோது மேலே கரிக்கட்டை, உள்ளே பச்சை மாவு. புகை சந்து முழுக்கப் போய், அடுத்த வீட்டு ஜெபஷீலா சேலைத் தலைப்பால் மூக்கை மூடிக்கொண்டு எட்டிப்பார்த்தாள். அந்தத் தெருப் பிள்ளைகளுக்கெல்லாம் கணக்கு டியூசன் எடுக்கிறவள். கணவர் ராஜமணிக்கு பஜாரில் இரும்புக்கடை.

"என்ன மெஹராஜக்கா, கேக் செய்யிறீகளா, செங்கல் சூளை போட்டிருக்கீகளா?"

"உங்க வீட்டு ஓவன்ல பட்டனைத் தட்டினா வெந்துரும். எங்க வீட்டுக்கு ஆள் வேணும் ஷீலா. ஆள் இப்பத்தான் பழகுறாரு."

"ஆள் பழகுறதுக்குள்ள தெரு எரிஞ்சிரும் போலயே."

நௌஷாத் கருகிய மேல்பாகத்தைச் சுரண்டிவிட்டு நடுவில் வெந்திருந்த இடத்தைத் தோண்டி எடுத்து, "ஆன்ட்டி, நல்ல பக்கத்தைச் சாப்பிடுங்க" என்று நீட்டினான். ஜெபஷீலா வாங்கிச் சாப்பிட்டாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவனே வந்து கேட்டான், தணல் எப்போது போடலாம் என்று. அந்த வாரம் நன்றாக வந்தது. அதிலிருந்து அவனை அடுப்படியை விட்டு வெளியே அனுப்புவதுதான் பாடாகிவிட்டது. ஜெபஷீலா வீட்டு ஓவனில் பிஸ்கட் சுட்டான். ரசத்துக்கு மிளகு தட்டினான். அரிசி களைந்து குக்கரில் போட்டு, விசில்களை உரக்க எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

ஷர்மின் வரவில்லை.

"நாளைக்கு டெஸ்ட் இருக்கு" என்பாள். டெஸ்ட் இல்லாத நாளில் தலைவலி. மைதாவும் சாக்லேட்டும் வாங்கி வைத்து, "நீ போன்ல பாத்தியே, அந்தக் கேக்கைச் செய்வமா?" என்று மெஹராஜ் கேட்டதற்கு, "எனக்கு எதுக்கு? நீ செஞ்சு குடு, திங்கிறேன்" என்றாள். முட்டை அடிக்கிற கரண்டியைக் கையில் திணித்தபோது மேடைமேல் வைத்துவிட்டு நகர்ந்துபோனாள்.

ஒருநாள் மெஹராஜ் பாலை அடுப்பில் வைத்துவிட்டு, "ஆத்தா, பாலைக் கொஞ்சம் பாத்துக்க" என்று சொல்லிப் படுக்கப் போனாள். இடுப்பில் வலி தொடங்கியிருந்த சமயம். தீய்ந்த வாடை வந்து எழுந்து போனாள். ஷர்மின் அடுப்புக்கு முன்னால்தான் நின்றுகொண்டிருந்தாள். பால் பொங்கி, வழிந்து, மேடையிலிருந்து தரைக்குச் சொட்டிக்கொண்டிருந்தது. கையை நீட்டி அடுப்பை அணைக்கவில்லை. பார்த்துக்கொண்டே நின்றிருந்தாள்.

"என்ன புள்ள இது? கண்ணு தெரியலையா?"

"எனக்கு அடுப்பை அணைக்கத் தெரியாது" என்றாள் ஷர்மின்.

மெஹராஜ் அதைத் திமிர் என்றுதான் நினைத்தாள். சலீமிடம் சொன்னதற்கு, "விடு, அது வயசு" என்றார்.

திமிர் இல்லை என்பது சப்பாத்தி சுட்ட அன்றைக்குத் தெரிந்தது. நௌஷாத் தேய்த்துக்கொண்டிருந்தான். ஒவ்வொன்றும் ஒரு தேசத்து வரைபடம் மாதிரி இருந்தது. அவள் ஸ்டூலில் உட்கார்ந்து கல்லைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, நான் இம்புட்டு நல்லாச் சுடக் கூடாதாம்."

"யாரு சொன்னா?"

"அக்காதான். நாம எல்லாத்தையும் கத்துக்கிட்டா நீ போயிருவியாம். எதையாச்சும் ஒண்ணைக் கத்துக்காம வச்சிருக்கணுமாம். அதான் அக்கா எதையுமே கத்துக்க மாட்டேங்குறா." அடுத்த உருண்டையை எடுத்து மாவில் புரட்டினான். "நீ எங்கம்மா போற? கூடலூருக்கா?"

"எங்கயும் போகல. கல்லுல கிடக்குறதைத் திருப்பு, கருகுது."

மதுரை ஆஸ்பத்திரியின் தாள்களை மெஹராஜ் பீரோவில் பூட்டித்தான் வைத்திருந்தாள். ஆனால் ஆஸ்பத்திரிக்காரர்கள் அவற்றைச் சலீமின் போனுக்கும் அனுப்பியிருந்தார்கள். அந்தப் போனில்தான் ஷர்மின் பாட வீடியோ பார்ப்பாள். தாளில் இருந்த நோய்ப் பெயர்களை அவள் ஒவ்வொன்றாகத் தேடிப் படித்திருக்கிறாள். பெரியவர்கள் இருவரும் மஞ்சக்காமாலைக்குக் கீழாநெல்லி அரைத்துக் குடித்து நடித்துக்கொண்டிருந்த நாட்களில், பதினாலு வயதுப் பிள்ளை அத்தனையையும் தெரிந்துகொண்டு, தனக்குத் தெரிந்த ஒரே வழியில் அம்மாவை இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தது.

மறுநாள் ஷர்மினுக்குத் தலை பின்னிவிடும்போது மெஹராஜ் தன் தம்பியைப் பற்றிச் சொன்னாள். வண்டிப்பெரியாற்றிலிருந்து வந்த முதல் பெருநாளன்றைக்கு அவன் தன்னைப் பார்த்து ஓடி வராமல், பெரியம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றதைச் சொன்னாள். எதற்குச் சொல்கிறாள் என்று சொல்லவில்லை.

"நீ பேசாத" என்றாள் ஷர்மின், திரும்பிப் பார்க்காமல்.

"ஏன்?"

"பேசாதன்னா பேசாத. பின்னிவிடு."

மெஹராஜ் பின்னிவிட்டாள். அதற்குப் பிறகு அவளை அடுப்படிக்குக் கூப்பிடவில்லை.

மெஹராஜுக்கு உடம்பு இறங்க இறங்க, சலீம் வேறொன்று செய்ய ஆரம்பித்தார். தினமும் வரும்போது பார்சல் வாங்கி வந்தார். பரோட்டாவும் சால்னாவும் ஒருநாள், முட்டைத்தோசை ஒருநாள், நெய்ச்சோறு ஒருநாள். நௌஷாத் வைத்த ரசம் மூடியபடியே இருந்து மறுநாள் சாக்கடைக்குப் போனது. பரோட்டா வீட்டுக்கு வந்தால் எந்தப் பிள்ளை ரசச்சோறு தின்னும்? இரண்டு வாரத்தில் அவனும் அடுப்படியை மறந்து தெருவுக்குக் கிரிக்கெட் ஆடப் போய்விட்டான்.

"பார்சல் வாங்காதீக" என்றாள் மெஹராஜ்.

"நீ கிடக்குற கிடையில பச்சப்பிள்ளைய அடுப்புல நிக்க வைக்கச் சொல்றியா?"

"ஆமா, நிக்கட்டும்."

"பாக்க முடியலடி. நீ அதுகளுக்கு ஒவ்வொண்ணா எடுத்துக் குடுக்குறத என்னால பாக்க முடியல."

"அப்ப கண்ணை மூடிக்கங்க. உங்க பரோட்டாவுல எம்பிள்ளைகளைக் கட்டி, பெரியகுளத்துக்குப் பார்சல் போடுறீக."

சலீம் அன்றைக்கு இரவுச் சாப்பாடு சாப்பிடவில்லை. மறுநாளும் பார்சல் வந்தது. அவருக்கு வேறெதுவும் செய்யத் தெரிந்திருக்கவில்லை.

பாஜிலா வந்து பார்த்தார். ஆரஞ்சும் ஆட்டுக்கால் சூப்பும் கொண்டுவந்தார். மெஹராஜின் கால்மாட்டில் உட்கார்ந்து பாதத்தைப் பிடித்துவிட்டுக்கொண்டே பேசினார்.

"நீ எதையும் நெனச்சுக் கலங்காத. பையன் எங்கிட்ட வரட்டும், எம்மகன் மாதிரிப் பாத்துக்கிருவேன். பொம்பளப்பிள்ளைக்கு நல்ல ஹாஸ்டல் இருக்கு, லீவுக்கு எங்கிட்ட வந்துறட்டும். சலீமுக்கு என்ன, ஆம்பள, கடையில தின்னுக்கிருவான்."

"பிள்ளைக சேந்து இருக்கணும் மதினி."

"சேந்து இருந்தா? யாரு ஆக்குவா? உம்மக தண்ணி சுட வைப்பாளா சொல்லு. நான் வந்தப்பயே பாத்தேன், ஒரு டீ போட்டுக் குடுக்கத் தெரியல. தப்பா நெனைக்காத, சொல்றதச் சொல்லணும்ல."

அவர் சொன்னதில் பொய் இல்லை. பக்கத்து அறையில் புத்தகத்தை விரித்து வைத்திருந்த ஷர்மின் அதற்குப் பிறகு வெகுநேரம் பக்கம் புரட்டவில்லை.

திராட்சைப் பந்தல்களில் காய் நிறம் மாறத் தொடங்கியிருந்தது. மெஹராஜால் உட்கார முடியவில்லை. வெளியே நடப்பதையெல்லாம் காதால்தான் பார்த்தாள். வாளி எங்கே வைக்கப்படுகிறது, யார் செருப்பு, பால்காரர் போய்விட்டாரா என்பதெல்லாம் சத்தத்திலேயே தெரிந்தது.

அன்று அசர் பாங்கு முடிந்து சற்று நேரத்தில் பள்ளிக்கூடத்திலிருந்து ஷர்மின் வந்தாள். பை விழுந்த சத்தம் கேட்டது. உடை மாற்றப் போகிற சத்தம் கேட்கவில்லை. அடுப்படியில் அரிசி டின்னின் மூடி திறந்தது.

மெஹராஜ் அடுப்படிப் பக்கம் தலையைத் திருப்பினாள்.

உழக்கு அரிசிக்குள் இறங்கி ஏறியது. மறுபடியும் இறங்கியது. குழாய் திறந்தது. அரிசி கழுவுகிற சத்தம், தண்ணீரை வடிக்கிற சத்தம், மறுபடியும் குழாய். அப்புறம் சின்னப் பாத்திரம் ஒன்று மேடைமேல் வந்தது. உளுந்து. அரிசியோடு சேர்த்துப் போட்டுவிடுவாளோ என்று நினைத்தாள். தனியாகத்தான் போட்டாள். இதை யாரும் அவளுக்குச் சொல்லித் தந்ததில்லை. மெஹராஜ் படுத்ததிலிருந்து வீட்டில் பாக்கெட் மாவுதான். அதற்கு முன்னால் எத்தனையோ சாயங்காலங்களில், மேடையில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டே கதை பேசிய பிள்ளை, பேசிக்கொண்டே பார்த்தும் வைத்திருக்கிறது.

வெந்தயம். மெஹராஜுக்கு நாக்கு நுனிவரை வந்துவிட்டது. கூப்பிட்டுச் சொல்லிவிடலாமா? சொன்னால் கையிலிருப்பதை வைத்துவிட்டுப் போய்விடுவாளோ? உதட்டைக் கடித்துக்கொண்டாள். அடுப்படியில் சத்தம் நின்றிருந்தது. நெடுநேரம் நின்றிருந்த மாதிரி இருந்தது. பிறகு, இறுக்கமான சின்ன டப்பாவின் மூடி ஒன்று 'டப்'பென்று திறந்தது.

மெஹராஜ் கண்ணை மூடிக்கொண்டாள்.

ஷர்மின் அறை வாசலில் வந்து நின்றாள். யூனிபார்ம் முன்பக்கம் நனைந்திருந்தது. அம்மாவைப் பார்க்காமல் கதவுத் தாழ்ப்பாளைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"ராத்திரி ஆட்டணும். கிரைண்டர் கல்லை என்னால தூக்க முடியாது. அத்தா வந்தா தூக்கி வைக்கச் சொல்லு."

"சொல்றேன்."

"நௌஷாத்துக்கு நாளைக்கு இட்லி. பரோட்டா கிடையாது."

"சரி ஆத்தா."

ஷர்மின் உடை மாற்றப் போனாள். பொழுது சாய்ந்து மஃரிப் பாங்கு சொல்கிற நேரத்தில் ஜெபஷீலா பார்லி கஞ்சியோடு உள்ளே வந்து, மெஹராஜின் தோளைத் தொட்டு எழுப்பினாள். இரண்டாவது தடவை எழுப்பினாள். அப்புறம் கிண்ணத்தைத் தரையில் வைத்துவிட்டுத் தெருவுக்கு ஓடினாள். சலீம் அப்போது காலிப் பெட்டிகளோடு மலையிறங்கிக்கொண்டிருந்தார்.

மௌத்தான வீட்டில், அடக்கம் முடிந்தும் மூன்று நாள் அடுப்பு மூட்டுவதில்லை. உறவுக்காரர்கள் வீடுகளிலிருந்து அண்டா அண்டாவாகச் சோறு வந்தது. பாஜிலாதான் முன்னால் நின்று எல்லாவற்றையும் கவனித்தார். சோற்றுப் பாத்திரங்கள் வைக்க இடம் வேண்டி, மேடையிலிருந்ததையெல்லாம் யாரோ கீழே இறக்கி ஒதுக்கினார்கள். ஷர்மின் அடுப்படிப் பக்கம் போனபோதெல்லாம் யாராவது ஒரு பெண் அவள் கையைப் பிடித்துக் கூட்டிவந்து உட்காரவைத்து, வாயில் ஒரு கவளம் ஊட்டினாள்.

மூன்றாம் நாள் ஃபாத்திஹா ஓதி முடிந்து, வந்தவர்கள் கலைந்த பிறகு, பாஜிலா நௌஷாத்தின் துணிகளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தார். ஷர்மின் வந்து அந்தப் பையின் வாரைப் பிடித்தாள்.

"அவன் எங்கயும் வரல மாமி."

"பேசாம இரு ஆத்தா. அங்கன வந்தா நேரத்துக்குச் சோறு கிடைக்கும். இங்கன யாரு ஆக்குறது?"

"நான் ஆக்குவேன்."

"நீயா?"

"எனக்கு ரசம் தெரியும். தம்ரூட்டும் தெரியும்" என்றான் நௌஷாத். "அக்காவுக்கு…" என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டு, அக்காவின் முகத்தைப் பார்த்தான். சொல்லலாமா கூடாதா என்று அவனுக்குத் தெரியவில்லை.

சலீம் எழுந்து அடுப்படிக்குள் போனார். தண்ணீர் குடிக்கத்தான் போனார். மேடைக்குக் கீழே, தட்டு போட்டு மூடியிருந்த இரண்டு பாத்திரங்களைப் பார்த்தார். தட்டைத் தூக்கினார். மூன்று நாளின் புளித்த வாடை முகத்தில் அடித்தது. அவருக்குச் சமையல் தெரியாது. ஆனாலும் அரிசி ஒன்றிலும் உளுந்து ஒன்றிலும் ஊறுவதைப் பார்த்தால் அது எதற்கு என்று தெரியும். மெஹராஜால் எழுந்து நிற்க முடிந்து எத்தனை நாளாயிற்று என்பதும் தெரியும்.

வெளியே வந்தார்.

"பிள்ளைக இங்கனயே இருக்கட்டும்க்கா."

"என்னடா சொல்ற? நாளைக்கே அடுப்பு எரியணும்டா. பச்சப்பிள்ளைக."

"எரியும். ஷர்மினுக்குத் தெரியும்." பையைக் கீழே இறக்கி வைத்து, "எனக்கும் அது சொல்லித் தரட்டும்" என்றார்.

பாஜிலா மடித்த துணிகளைத் திரும்ப எடுத்து அடுக்கினார். கோபத்தில் அல்ல, அழுதுகொண்டே ஒவ்வொன்றாக அடுக்கினார்.

நாலாம் நாள் காலையில் ஷர்மின் அடுப்பைப் பற்றவைத்தாள். ரவை உப்புமா. கொஞ்சம் கட்டிதட்டிப் போயிருந்தது. மூன்று பேரும் தின்றார்கள். ஜெபஷீலா வந்து, புளித்துப்போன அந்த இரண்டு பாத்திரங்களையும் கொட்டிக் கழுவித் தருகிறேன் என்றாள். "நான் பாத்துக்கிறேன் ஆன்ட்டி" என்று சொல்லி, ஷர்மின் அவற்றை மறுபடி மூடி வைத்தாள். சலீம் கிரைண்டரைத் துடைத்து, கல்லைத் தூக்கி வைத்துவிட்டுத் தோட்டத்துக்குப் போயிருந்தார்.

எதையாவது ஒன்றை மிச்சம் வைத்திருக்க வேண்டும் என்பது ஷர்மினின் கணக்கு. அந்த அரிசி ஆட்டப்படவில்லை.